எள்ளுக்காட்டு உருளை

மாசி 3, சனி

என் மச்சாண்டார் அப்புசாமி இன்று தன் உருளைக்குப் பச்சை பெயிண்ட் அடித்தார். அவர் வீட்டுச் சுவர் சுண்ணாம்பைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. அவர் சம்சாரம், என் ஓரகத்தி அக்கா, அதைச் சொல்லிக் காட்டினால், செவுரா வெள்ளாமை பண்ணிக் குடுக்குது என்பார். புருஷனுக்கு அண்ணன் என்பதால் எதிரில் சிரிக்க முடியாது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். என் வீட்டுக்காரர் சென்னியப்பன் கட்டிலில் உட்கார்ந்து தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனியாகச் சிரிப்பது கொஞ்சம் சிரமமான வேலைதான். ஆனாலும் முடித்துவிட்டேன்.

உருளை என்றால் கயிற்றுக் கட்டில் நீளத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுப்பது. பக்கத்தில் உள்ள மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் கனம் கூடும். ரொட்டவேட்டர் ஓட்டிய மண் மாவு போலப் பொங்கிக் கிடக்கும். அதில் எள்ளைத் தூவினால், தான் எந்தப் பள்ளத்தில் விழுந்தோம் என்று எள்ளுக்கே தெரியாது. மேலே உருளையை லேசாக ஓட்டினால் மண் விதையைப் பிடித்துக்கொள்ளும், கீழே இருக்கும் ஈரம் ஏறும், முளைக்கும். லேசாக. அந்தச் சொல் மட்டும் என் மச்சாண்டாரிடம் கிடையாது. விருந்தாளிக்குச் சோறு போட்டாலும் அமுக்கிப் போட்டுத்தான் பழக்கம்.

போன மாசியில் எங்கள் செம்மண் காட்டில் ஈரம் காயும் முன்பே, உருளை நிறையத் தண்ணீர் ஊற்றி, அது போதாதென்று தன் மருமகனையும் சட்டத்தின் மேல் ஏற்றி நிறுத்திக்கொண்டு ஓட்டினார். காடு களமாகிவிட்டது. எள் என்ன பனங்கொட்டையா, முட்டிக்கொண்டு வர? அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்ததும் வெயிலில் போனது. பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடினார்கள். டீக்கடையில், "சென்னியப்பன் காட்டுல டாஸ் போட்டாச்சா?" என்பது கொஞ்ச நாள் ஊர்ப் பேச்சு.

ஒரு கைப்பிடி மண்ணைப் பிடித்துப் பார்த்து, இன்றைக்கு விதைக்கலாம், இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல ஊரே கூப்பிடும் மனிதர் என் வீட்டுக்காரர். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. இவரும் குனிந்து மண்ணைத் தொடவில்லை.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தெய்வாத்தா அக்கா எங்கள் கிணற்று மேட்டிலிருந்து இவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டாள். அதைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. ஈரோட்டு டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். தனியாக விடாதீர்கள் என்றும் சொன்னார். விடவில்லை. காட்டிலிருந்த பூச்சி மருந்து டப்பாக்களைத் தெய்வாத்தா அக்கா வீட்டுக்கு மாற்றினேன். வாடைக்குத் தலைவலிக்கிறது என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வராத தலைவலி.

மாசி 4, ஞாயிறு

ஊரில் என்னைப் பற்றி ஒரு பேச்சு நடக்கிறது. மற்றவர்களைப் பற்றிய பேச்சை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பவள் நான். என்னைப் பற்றியது மட்டும் கடைசியாக என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. தொழிலுக்கே அவமானம்.

விஷயம் இதுதான். இவர் பால் ஊற்ற சொசைட்டிக்குப் போனால் டிவிஎஸ்ஸில் பின்னால் நானும் ஏறிக்கொள்கிறேன். காட்டுக்குப் போனால் நானும் போகிறேன். முடி வெட்டப் போனபோது கடைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். ஊர் யோசித்திருக்கிறது. பால் சொசைட்டிக்குப் பாலைச் சோதித்துத் தரம் பார்க்கப் புதிதாக ஒரு டெஸ்டர் அம்மாள் வந்திருக்கிறாள், தலையில் தினமும் முல்லைப்பூ. ஆகவே கலாமணிக்குப் புருஷன் மேல் சந்தேகம்.

தெய்வாத்தா அக்காதான் சொன்னாள். உண்மை தெரிந்தவள் என்பதால் பதறிப்போயிருந்தாள்.

"நாலு பேருகிட்ட நான் இல்லைன்னு சொல்லிப்போடட்டுமா கலா?"

வேண்டாம் என்றேன். இல்லையென்றால் வேறு என்ன என்று கேட்பார்கள். கிணற்று மேட்டை விட டெஸ்டர் அம்மாள் மேல். சாயங்காலம் ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கேட்டபோது, "ஆம்பளைய ஆரு நம்பறது" என்று ஒரு பெருமூச்சும் விட்டு வைத்தேன். நன்றாக வந்தது.

மாசி 6, செவ்வாய்

குலதெய்வம் கோயிலில் பூக் கேட்டோம். எங்கள் வகையறாவில் விதைப்போ, கல்யாணமோ, போர்வெல் போடுவதோ, அம்மன் பூக் கொடுக்காமல் நடக்காது. வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் உத்தரவு. பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமை எள் விதைக்கலாமா என்று மச்சாண்டார் கேட்டார். பூசாரி எடுத்த பொட்டலத்தில் வெள்ளை அரளி. அவருக்கு ஒரே சந்தோஷம். இந்த வருஷம் இரண்டு தடவை ஓட்டிவிடலாம், விதை அசையவே அசையாது என்றார்.

விதை அசையாமல் கிடந்ததுதானே போன வருஷத்துப் பிரச்சனை? வாயில் தேங்காய்ச் சில்லை வைத்து அடைத்துக்கொண்டேன்.

இவர் திருநீறு பூசிக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றார். "உங்களுக்குச் சம்மதமுங்களா?" என்று கேட்டேன். அண்ணன் சொன்னா சரிதான் என்றார். எதைக் கேட்டாலும் இப்போதெல்லாம் அதுதான் பதில். காப்பியில் சர்க்கரை போதுமா என்று கேட்டாலும் அண்ணன் சொன்னா சரிதான் என்பாரோ என்று பயமாக இருக்கிறது.

மாசி 8, வியாழன்

காட்டில் ரொட்டவேட்டர் ஓடியது. தையிலேயே உளிக்கலப்பை விட்டு அடிமண் இறுக்கத்தை உடைத்து, எருவடித்து, ஒன்பது கொழுக் கலப்பையும் இரண்டு சால் ஓட்டி வைத்திருந்தோம். இப்போது மண் எழுந்து நிற்கிறது. நடந்தால் கணுக்கால் வரை புதைகிறது. எனக்கு முழங்கால் வரை. உருளையே வேண்டாம், என்னை நாலு சால் நடக்க விட்டால் போதும் என்று டிராக்டர்காரனிடம் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் வண்டி கோணலாகப் போனது. இவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். உதடு கூட அசையவில்லை.

மண் அவ்வளவு பொலபொலப்பாக இருந்தது. ஒரு பிடி அள்ளி அவர் கையில் வைத்தேன். குழந்தையை வாங்கத் தெரியாதவர் மாதிரி விரல்களை விரித்து வைத்துக்கொண்டார். மண் கீழே கொட்டியது. கையை வேட்டியில் துடைத்தார்.

ராத்திரிச் சோற்றில் பாதியை வைத்துவிட்டார். மகள் கிருத்திகா கோயமுத்தூரிலிருந்து போன் செய்தாள். அப்பா நல்லா சாப்பிட்டாரு, ரசம் இன்னொரு கரண்டி கேட்டாரு என்றேன். ரசமே வைக்கவில்லை.

மாசி 10, சனி

மழை. மாசியில் யார் கேட்டார்கள் இதை? தூறல் என்று பார்த்தால் வாசலில் தண்ணீர் ஓடுகிறது. நாளை மறுநாள் விதைப்பு.

மாசி 11, ஞாயிறு

காலையில் காட்டுக்குப் போனோம். செருப்பில் அரைக் கிலோ செம்மண் ஒட்டிக்கொண்டு வந்தது. மண் பிசைந்து வைத்த சப்பாத்தி மாவு மாதிரி இருக்கிறது. இதன் மேல் கனமான உருளை ஓடினால் மேல்மண் சப்பளிந்து, வெயில் பட்டதும் ஓடு மாதிரி காய்ந்துவிடும். அடியிலும் இறுகும். போன வருஷமேதான்.

மச்சாண்டார் வீட்டுக்குப் போய், மூன்று நாள் தள்ளிப் போடலாமா என்று அக்கா மூலமாகக் கேட்டுப் பார்த்தேன். அவர் திண்ணென்று நின்றார். பூக் கொடுத்த நாளைத் தள்ளினால் அம்மன் முகத்தில் எப்படி முழிப்பது? ஈரமாக இருந்தால் நல்லதுதான், அமுக்கினால் அப்படியே பிடித்துக்கொள்ளும். சொல்லிக்கொண்டே ஓஸ் குழாயை உருளைக்குள் விட்டார். தண்ணீர் நிறையும் சத்தம் கேட்டுக்கொண்டே நின்றேன். கெட்டவரில்லை. தம்பிக்கு இந்த வருஷம் நன்றாக விளைய வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்படுகிறார். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன்.

திரும்பி வரும்போது இவர் தலையைக் குனிந்துகொண்டே நடந்தார். எள் இன்னொரு தரம் போனால் போகட்டும், நான் ரேஷன் அரிசியில் கூடப் பிழைத்துக்கொள்வேன். அந்தக் காட்டில் மறுபடி ஸ்டம்ப் நட்டால் இவர் என்ன ஆவார் என்பதுதான்.

ஒரு யோசனை இருக்கிறது. விடிகாலையில் மச்சாண்டார் வாசலுக்குப் போய் உருளை மூடியைத் திறந்து விட்டால் என்ன? ஸ்பேனர் எங்கள் கொட்டகையில் இருக்கிறது. என் வயசுக்கும் உடம்புக்கும் திருட்டு வேலை சரிப்படுமா என்று தெரியவில்லை. முயன்று பார்க்கிறேன்.

மாசி 12, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கோழி கூவும் முன்பே எழுந்தேன். இவர் கட்டில் காலியாக இருந்தது. கொல்லையில் இல்லை. தாழ்ப்பாள் திறந்திருந்தது.

எருமைக் கன்று அவிழ்த்துக்கொண்டதோ என்று பார்க்கத்தான் கிணற்றுப் பக்கம் ஓடினேன். கன்று கொட்டகையில் கட்டிக் கிடந்தது என்பது பிறகு ஞாபகம் வந்தது. டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர் அசையாமல் இருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன் போலிருக்கிறது. கல்யாணமான நாள் முதல் அவர் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. பதில் இல்லை.

அங்கிருந்து மச்சாண்டார் வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. ஆள் கூட்டிவரத்தான் ஓடினேன். வாசலுக்கு வந்தால் தண்ணீர் கொட்டும் சத்தம். இவர் உருளை பக்கத்தில் குந்தியிருக்கிறார், கையில் எங்கள் ஸ்பேனர். மூடி திறந்து தண்ணீர் தெருவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

என்னைப் பார்த்தார். "சத்தம் போடாத. நாய் எந்திரிச்சுக்கும்" என்றார்.

எனக்கு மூச்சு வாங்கியது. உடம்பு எடைதான் காரணம் என்று எழுதி வைக்கிறேன். அவர் பக்கத்தில் குந்திக்கொண்டேன். கடைசிச் சொட்டு வரை இருவரும் பார்த்தோம். அவர் மூடியைத் திருகி வைத்தார். வீட்டுக்கு வரும் வழியில் நானும் பேசவில்லை. நான் பேசாமல் நடந்தேன் என்று சொன்னால் இந்த ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

விடிந்ததும் எல்லோரும் காட்டில் கூடினோம். மச்சாண்டார் உருளைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, டிராக்டரைக் கிளப்பிக் காட்டு ஓரம் வரை வந்தார். வரப்பு மேட்டில் ஏறி இறங்கியபோது உருளை தகர டப்பா மாதிரி கடகடவென்று குதித்தது. வண்டியை நிறுத்தி இறங்கினார். உருளையைத் தட்டினார். வெறும் சத்தம்.

"எவண்டா தண்ணியத் தொறந்து உட்டது?"

நான் வாயைத் திறந்தேன். பழி சுமப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. அதற்குள், "நாந்தானுங்ணா" என்றார் இவர்.

மச்சாண்டார் திரும்பிப் பார்த்தார். இந்த வருஷம் முழுக்கத் தம்பி இப்படி நேராகப் பார்த்துப் பேசியதில்லை. இவர் காட்டுக்குள் இறங்கி, குந்தி, ஒரு பிடி மண்ணை அள்ளினார். என் நெஞ்சு என்ன செய்தது என்று எழுத வரவில்லை. மண்ணை இறுக்கிப் பிடித்துக் கையை விரித்தார். உருண்டையாக, விரல் தடத்தோடு மினுமினுவென்று நின்றது. கட்டைவிரலால் அமுக்கினார். உடையவில்லை, சப்பளிந்தது. அதை அப்படியே அண்ணன் முன்னால் நீட்டினார்.

"இன்னும் பதம் வல்லீங்ணா. அமுக்குனா உதிரோணும். இன்னிக்கு வெறும் உருளையை ஓட்டினாக்கூட டிராக்டர் டயரே மண்ணைக் கொன்னுபோடும்."

"பூக் குடுத்த நாளுடா இது."

"நாளைத் தப்ப விட மாட்டேன். சனி மூலையில ஒரு கை வெதச்சுப்போடறேன். மத்ததுக்கு மண்ணு காயட்டும்."

மச்சாண்டார் உருளையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப போன வருசம் நாந்தான் உன்ற காட்டைக் கெடுத்தேங்கற?"

தெய்வாத்தா அக்கா வானத்தைப் பார்த்தாள்.

"நானுந்தாங்ணா. அன்னிக்கும் இதே மாதிரி கையில புடிச்சுப் பாத்தேன். பதமில்லைன்னு தெரிஞ்சுது. உங்க முன்னால வாயத் தொறக்கல."

மச்சாண்டார் டிராக்டரில் ஏறினார். உருளை வழி நெடுகக் கடகடத்துக்கொண்டு போனது. இவர் வடகிழக்கு மூலையில் ஒரு கை எள்ளைத் தூவி, விரலால் மண்ணைத் தள்ளி மூடினார். கை கழுவாமலேயே வீட்டுக்கு வந்தார்.

மாசி 13, செவ்வாய்

உருளை இனி வெளியே போகாது என்று மச்சாண்டார் அறிவித்துவிட்டாராம். தார்ப்பாய் போட்டு மூடியாகிவிட்டது. பச்சை பெயிண்ட் வெயிலில் மங்காது, அந்த வரைக்கும் லாபம்.

எனக்குப் பயம்தான். நேற்று அவ்வளவு பேசியவர் இன்று முழுக்கப் படுத்தே கிடந்தார். அண்ணனை எடுத்தெறிந்து பேசிவிட்டோமே என்று உருகுகிறாரா, வேறு ஏதாவதா? வெங்காயம் உரிக்கும் சாக்கில் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மாசத்துக்கு வேண்டிய வெங்காயம் உரித்தாயிற்று.

சாயங்காலம் எழுந்து கொட்டகைக்குள் போனார். பின்னாலேயே போனேன். மூலையில் கிடந்த பழைய எண்ணெய் பீப்பாயை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் ஓட்டை போட்டுக் குழாயைச் சொருகினால் இழுக்கலாம் என்றார், என்னிடமா பீப்பாயிடமா என்று தெரியாத மாதிரி. டிராக்டர் டயர் படாது, கனமும் இருக்காது.

யார் இழுப்பது என்று கேட்டேன். எருமையைக் கட்டலாமா? எருமை திரும்பி என்னைப் பார்த்தது. அதற்கு மேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாசி 14, புதன்

சிவராத்திரி. ஊரே இன்று கண் முழிக்கப் போகிறது. எனக்குக் கார்த்திகையிலிருந்தே பழக்கம்.

மாசி 16, வெள்ளி

உடம்பில் வலிக்காத இடம் இந்த விரல்தான், அதனால் எழுதுகிறேன்.

காலையில் இவர் மண்ணைப் பிடித்துப் பார்த்தார். உருண்டை நின்றது, கட்டைவிரல் பட்டதும் உதிர்ந்தது. மேலே காய்ந்து, இரண்டு விரல் ஆழத்தில் ஈரம். "இப்பத்தான்" என்றார். எள்ளோடு மணல் கலந்து தூவினார். முள்ளுச் செத்தையில் கட்டிய படலை இழுத்து விதை மேல் மண்ணை மூடினார். பிறகு பீப்பாய்.

கயிற்றின் ஒரு முனை அவர் தோளில், ஒரு முனை என் தோளில். உள்ளே இரண்டு குடம் தண்ணீர். முதல் சால் போய்த் திரும்பிப் பார்த்தார். பீப்பாயில் மண் ஒட்டவில்லை. நடந்த தடத்தில் குதிகாலை ஊன்றிப் பார்த்தார், அரை விரல்தான் இறங்கியது. இன்னொரு குடம் ஊற்றலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஓட்டின தடத்தில் மறுபடி ஓட்டக் கூடாது, ஒரு தரத்துக்கு மேல் விதை தாங்காது என்றார். நான் நடக்கும் இடம் மட்டும் ஆழமாகப் பதிகிறதே என்று விசனப்பட்டேன். உனக்கும் சேர்த்துத்தான் தண்ணீரைக் குறைத்திருக்கிறேன் என்றார். இந்த மனிதர் என் எடையைக் கேலி செய்து ஒரு வருஷம் ஆகிறது. கண்ணில் மண் விழுந்துவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

ரோட்டில் போன பஸ்ஸில் தலைகள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பின. மாடு மாதிரி புருஷனும் பெண்டாட்டியும். டீக்கடைக்கு ஒரு வாரத்துக்குத் தீனி.

நடுக்காட்டில் திடீரென்று கேட்டார். "சொசைட்டி டெஸ்டரம்மாவுக்கும் எனக்கும் என்னமோன்னு ஊருக்குள்ள சொல்றாங்களாமா?"

கயிறு என் தோளில் நழுவியது. "யாருங் சொன்னது?"

"முடிவெட்டறவன். நீதான் ரேசன் கடையில பெருமூச்சு உட்டயாமா."

"நானா கட்டி உடலீங். இல்லைன்னும் சொல்லல."

அவர் நின்றுவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கயிற்றைப் போட்டுவிட்டுக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே வராமல், கண்ணில் தண்ணீர் வர, பீப்பாய் மேல் கை ஊன்றிச் சிரித்தார். டெஸ்டர் அம்மாள் தினமும் நம்ம பாலில் தண்ணி இருக்குதுன்னு என்னைத் திட்டிப்போட்டு இருக்கறா என்றார். எனக்கும் வந்துவிட்டது. இருவரும் நடுக்காட்டில் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

சிரிப்பு நின்றதும் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். என் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

"நீ எதுக்குப் பின்னாலயே வர்றேன்னு எனக்குத் தெரியும் கலா."

நான் என் பக்கத்துக் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"கார்த்திகையில கெணத்து மேட்டுல உக்காந்தது, காத்து வாங்கறதுக்கு இல்ல."

"தெரியுமுங்" என்றேன்.

"இப்ப அப்படி இல்ல. சில நாள் இருக்குது. இருந்தா உன்னைக் கூப்படறேன்."

மீதி சால்களை ஓட்டி முடித்தோம். மேற்குப் பக்கம் திரும்பும் இடத்தில் பீப்பாய் சரிவில் ஓடி, ஓட்டின தடத்திலேயே இரண்டு மூன்று தரம் உருண்டுவிட்டது. இழுத்துத் திருப்ப எனக்குத் தெம்பில்லை.

மாசி 18, ஞாயிறு

முளைக்கவில்லை. முளைக்கிற நாளும் இன்னும் ஆகவில்லை. தெரிந்தேதான் காலையிலும் மத்தியானத்திலும் சாயங்காலமும் போய்ப் பார்த்தேன். இவரும் கூட வந்தார். யார் யாருக்குக் காவல் என்றே குழம்பிவிட்டது.

மாசி 20, செவ்வாய்

மேகம் திரண்டு நிற்கிறது. இப்போது அடித்து ஒரு மழை பெய்தால் மேலே பொருக்குத் தட்டி முளை உள்ளேயே மடங்கிவிடும். உருளை இல்லாமலே காடு இறுகிவிடும். அம்மனுக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டேன். இவர் மேகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். முகம் பழையபடி ஆகிவிட்டது. மத்தியானம் சாப்பாடு வேண்டாம் என்றார்.

சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்றைக்கு அந்த மாதிரி நாளுங்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அப்படியானால் சரி என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. பேசாமல் இருப்பது எனக்குப் பெரிய விரதம். இருட்டும் நேரத்தில் எழுந்து இரண்டு வாய் சாப்பிட்டார். கிருத்திகா போன் செய்தபோது உள்ளதைச் சொன்னேன். அவள் அப்பாவிடம் கொடு என்றாள். அவரும் பேசினார்.

மேகம் தாராபுரம் பக்கம் போய்விட்டது. அந்தப் பக்கத்துக்காரர்கள் மன்னிக்கட்டும்.

மாசி 22, வியாழன்

முளைத்துவிட்டது.

வெயில் ஏறும் முன் காட்டுக்குப் போனால் மண்ணில் கொசுக்கால் ஊன்றினாற்போல் பச்சை. நிமிர்ந்து நின்று பார்த்தால் தெரிவதில்லை, குந்திப் பார்த்தால் காடு முழுக்க. நான் குந்தினால் எழுவதற்கு ஆள் வேண்டும். இருந்தும் குந்தினேன்.

காட்டின் அந்தக் கோடியில் இன்னொரு ஆள் குந்தியிருந்தார். மச்சாண்டார். எங்களைப் பார்த்ததும் எழுந்து வேட்டியை உதறினார். இவர் அவரை நோக்கி நடந்தார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை, காற்று எதிர்ப்பக்கம். கேட்டிருந்தால் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். அண்ணன் ஒரு முளையைக் காட்டினார், தம்பி தலையாட்டினார். பிறகு அண்ணன் தன் காட்டுக்கு வந்து மண்ணைப் பார்த்துச் சொல்லுமாறு கேட்டாராம். அதை இவர் வழியில் சொன்னார். உருளையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றலாம் என்றும் கேட்டாராம். நீங்க என்ன சொன்னீங்க என்றேன். மொதல்ல மருமகனை எறக்கி உடுங்க, அப்பறம் பாத்துக்கலாம்னேன் என்றார்.

மேற்குப் பக்கம், பீப்பாய் உருண்ட இடத்தில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு ஒன்றும் இல்லை. சொட்டையாகக் கிடந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசி 24, சனி

இன்று காட்டுக்கு அவர் தனியாகப் போனார்.

சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு அப்படியே போய் வருகிறேன் என்றார். டிவிஎஸ்ஸின் பின் சீட்டைத் துடைத்துவிட்டு, ஏறாமல் நின்றேன். அவரும் ஏறச் சொல்லவில்லை. தெரு முனை திரும்பும் வரை பார்த்தேன். தெய்வாத்தா அக்கா மதில் மேல் எட்டி என்னைப் பார்த்தாள். கையால் ஒன்றுமில்லை என்று காட்டினேன்.

மத்தியானம் வரை நான் மிகவும் சாதாரணமாக இருந்தேன். அடிக்கடி வாசலுக்குப் போனது கோழிக்குத் தீனி போட. போட்டுவிட்டுத் தெருவைப் பார்ப்பேன், உள்ளே வருவேன், மறுபடி போவேன். கோழிகள் இப்போது நடக்க முடியாமல் வேலியோரம் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று மட்டும் எழுந்து நின்று பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டது. டைரியை எடுத்து வைத்தேன், எழுத வரவில்லை. போன் செய்யலாம் என்று எடுத்து, கீழே வைத்தேன்.

வழக்கமான நேரம் தாண்டித்தான் வண்டிச் சத்தம் கேட்டது. நான் அம்மியடியில் எதையோ அரைப்பது போல் உட்கார்ந்துகொண்டேன். அம்மியில் ஒன்றும் இல்லை.

உள்ளே வந்து தண்ணீர் கேட்டார். குடித்தார். கையெல்லாம் செம்மண்.

"அந்தச் சொட்டையைக் கொத்தி உட்டேன். அதனாலதான் நேரமாயிருச்சு" என்றார். "அத்தனை மோசமா எறுகல. மேலதான். நாளைக்கு அதுல தட்டப்பயிறு ஊனிப்போடலாம்."

சரி என்றேன். குரல் நன்றாகவே இருந்தது.

"நீ ஏன் இன்னிக்கு வல்ல?"

"உடம்பு வலிங்."

காலியாக இருந்த அம்மியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு வா. பயிறு ஊன ஆள் வேணும்" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.